சோதனையை வென்ற ஜான் பன்யன்

நமது கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய நம் தலைவர்களைப் பற்றி எழுதத் தக்கார் நம்மிடையே பலர் உளர். ஆகவே நாம் கடல் கடந்து சென்று, 1688ஆம் ஆண்டில் மறைந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைத் தேர்ந்து கொண்டோம்.

அவர் பெயர் ஜான் பன்யன். நாடு இங்கிலாந்து. தொழில், ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் தருதல். கல்வியோ எழுதவும் படிக்கவும் தெரிந்த அளவே. அத்தகையவர் எழுதிய மோட்சப் பிரயாணம் என்னும் நூல் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. நம் தமிழிலும் அது வழங்குகிறது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அந்நூலைத் தழுவியே இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். ஆயினும் நாம் ஈண்டு பன்யனை நினைவுகூர்வது அவருடைய நூற்புகழ் கருதி மட்டுமன்று. அந்நூலை எழுதுமுன் அவர் உள்ளத்தில் பல்லாண்டுகள் நிகழ்ந்த போரும், அப்போரில் வேதத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவர் நின்ற நிலையும் நம் இளைஞர்கள் அறியத் தக்கவை.

பிறப்பும் இளமையும்

பெட்போர்டு நகருக்குத் தெற்கே ஒரு மைல் தொலைவில் எல்ஸ்டோ என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் கோவிலில் 1628ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பன்யனுக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. தந்தை தாமஸ் பன்யன், தாய் மார்கரெட். தந்தையும் பாத்திரம் அடைக்கும் தொழிலாளியே. அக்காலத்து இங்கிலாந்தில், ஊர் சுற்றிப் பாத்திரம் அடைப்போரை நாடோடிகளோடும் ஏமாற்றுவோரோடும் சேர்த்தே சட்டம் எண்ணியது. பன்யன் குடும்பத்தார்க்கு ஒரு குடிசையும் சிறிது நிலமும் இருந்தமையால் நாடோடிகள் என்று அவர்களைச் சொல்வதற்கில்லை. எனினும் தம் தந்தையின் குடும்பம் நாட்டிலுள்ள குடும்பங்களில் மிகத் தாழ்ந்ததாகவும் இகழப்பட்டதாகவும் எண்ணப்பட்டது என்பதைப் பன்யன் தம் வரலாற்றில் ஒளியாமல் எழுதியுள்ளார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். அந்நாட்டில் நம் நாட்டிலுள்ளது போன்ற சாதி இல்லை, தீண்டாமை இல்லை, கிணற்றில் நீர் எடுக்கவும் கோவிலில் நுழையவும் பன்யனை எவரும் தடுத்ததில்லை. ஆகவே அவர் பட்ட இழிவும் நம் முன்னோர் பட்ட இழிவும் ஒன்றே எனச் சொல்ல மாட்டோம். ஆயினும் ஒருவனுடைய தொழிலைக் கேட்டவுடன் அவன் சொல்லின் மதிப்பைக் குறைத்து எடைபோடும் உலகத்தை அவரும் கண்டார், நாமும் கண்டோம். அந்த அளவில் அவர் நமக்கு உறவினர் ஆகிறார்.

பெற்றோர் ஏழைகளாயினும் மகனைப் பள்ளிக்கு அனுப்பினர். எழுதவும் படிக்கவும் கற்றார். விரைவில் பெரும்பகுதியை மறந்தும் போனார். 1644ஆம் ஆண்டு ஜூனில் தாயும் ஜூலையில் தங்கையும் இறந்தனர். அடுத்த மாதமே தந்தை மறுமணம் செய்து கொண்டார். அவ்வாண்டிலேயே, 16 வயது நிரம்பும் தறுவாயில், உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சேர்க்கப்பட்டு, நியூபோர்ட் பாக்னெல் என்னும் கோட்டை நகரில் 1647 வரை பணியாற்றினார். ஒருமுறை முற்றுகை ஒன்றுக்குச் செல்ல வேண்டியவர் அவர். தோழன் ஒருவன் தான் செல்வதாக வேண்டிக் கேட்டு அவர் இடத்தில் சென்றான். காவல் நிற்கையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தான். தமக்குரிய சாவை வேறொருவன் ஏற்றான் என்னும் நினைவு பன்யனை விட்டு நீங்கவில்லை.

இரண்டு நூல்களும் ஒரு மனைவியும்

போர் முடிந்து ஊர் திரும்பிய பன்யன் 1649ஆம் ஆண்டை ஒட்டித் திருமணம் செய்து கொண்டார். அம்மனைவியின் பெயர் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. இருவரிடமும் ஒரு தட்டும் ஒரு கரண்டியும் கூட இல்லாத வறுமை. ஆனால் அப்பெண், தந்தை விட்டுச் சென்ற இரண்டு பக்தி நூல்களைச் சீதனமாகக் கொண்டு வந்தார். ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது; மற்றொன்று லூயிஸ் பெய்லி எழுதியது. கணவனும் மனைவியும் மாலை வேளைகளில் அவற்றைச் சேர்ந்து படித்தனர். மறந்து போயிருந்த படிப்பு இவ்வாறு திரும்பி வந்தது. தட்டும் கரண்டியும் இல்லாத வீட்டில் இரண்டு நூல்கள் நுழைந்ததால் ஒரு மனிதரின் வாழ்வு திசை மாறிற்று என்பதை நம் கழகத்து நூலகப் பொறுப்பாளர்கள் மனத்திற் கொள்வார்களாக. 1650இல் முதல் மகள் மேரி பிறந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

அந்நாளில் பன்யன் கெட்ட வார்த்தை பேசுவதில் ஊரில் பெயர் பெற்றவர். நற்பெயர் இல்லாத ஒரு பெண்மணியே அவருடைய பேச்சைக் கேட்கப் பொறாமல் கண்டித்த போது வெட்கித் தலைகுனிந்தார். ஒரு ஞாயிறன்று எல்ஸ்டோப் பொதுவெளியில், நம் சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளை ஒத்த ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஒருமுறை அடித்துவிட்டு மறுமுறை அடிக்கக் கோலை ஓங்குகையில், பாவத்தை விடுகிறாயா, அதனோடு அழிகிறாயா எனத் தம் உள்ளத்தில் ஒரு குரல் கேட்பதாக உணர்ந்து திகைத்து நின்றார். பின்னர் ஒவ்வொரு பழக்கமாகக் கைவிட்டார். கோவில் மணி அடிப்பதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது, அதையும் விட்டார். ஊரார் வியந்து புகழ்ந்தனர். அவரும் தம்மைத் தாமே மெச்சிக் கொண்டார்.

அம்மெச்சலை உடைத்தவர்கள் ஏழைப் பெண்கள் மூவர் நால்வர். பெட்போர்டு நகரில் தொழில் நிமித்தம் ஒரு தெருவில் சென்றபோது, அப்பெண்கள் வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து கடவுளின் செயல்களைப் பற்றி உரையாடக் கேட்டார். சமயப் பேச்சில் தாமும் வல்லவர் என்ற எண்ணத்தோடு அருகில் சென்றவர், அவர்கள் பேசியது தமக்கு எட்டாத பொருள் என உணர்ந்தார். புதுப்பிறப்பைப் பற்றியும், தம் நெஞ்சின் பொல்லாங்கைப் பற்றியும், சோதனையில் தம்மைத் தாங்கிய வாக்குறுதிகளைப் பற்றியும் அவர்கள் மகிழ்ச்சியோடு பேசினர். அவர்கள் சார்ந்த சபையின் போதகர் ஜான் கிபர்டு முன்னர் அரசர் படையில் இருந்து, சூதும் குடியுமாகத் திரிந்து, பின் மனம் மாறியவர். பன்யன் அச்சபையை நாடலானார்.

ஐயங்கள்

இனித்தான் உண்மையான போர் தொடங்குகிறது. பக்தி வந்தவுடன் ஐயம் நீங்கும் என்று பலர் எண்ணுவர். பன்யனுக்கோ பக்தி வந்த பின்னரே ஐயம் பெருகிற்று.

தமக்கு விசுவாசம் உண்டா என்பதே முதல் ஐயம். விசுவாசம் உண்டெனில் அற்புதம் செய்ய வேண்டுமே என எண்ணினார். எல்ஸ்டோவுக்கும் பெட்போர்டுக்கும் இடையிலான பாதையில் குதிரைக் குளம்படிகளில் நீர் தேங்கியிருந்தது. அந்நீரை வற்றுமாறும் வறண்ட இடத்தை நீராகுமாறும் கட்டளையிட வாய் திறந்தார். முதலில் வேலியோரம் சென்று செபிக்கலாம் எனத் தோன்றியது. செபித்த பின்னும் நீர் வற்றாவிடில் தமக்கு விசுவாசமே இல்லை என்று முடிவாகிவிடுமே என அஞ்சி, அச்சோதனையைச் செய்யாமலே சென்றார். இதைப் படிக்கையில் நமக்கு நகைப்பு எழலாம். ஆனால் தேர்வு முடிவைப் பார்க்க அஞ்சி வீட்டுக்குள் ஒளியும் மாணவனை அறிந்த ஆசிரியர் எவரும் நகைக்க மாட்டார்.

பின்னர், பழைய தலைமுறைகளை நோக்கிப் பார். இறைவனை நம்பிக் கைவிடப்பட்டவர் எவரேனும் உண்டா என்னும் கருத்துள்ள ஒரு வசனம் அவர் நெஞ்சில் தோன்றி ஆறுதல் தந்தது. அது எங்குள்ளது எனக் காண வேதாகமத்தைத் தேடினார், அகப்படவில்லை. நல்லோர் பலரைக் கேட்டார், எவருக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் தேடிய பின், திருமறையின் பொது நூல்களுக்குப் புறம்பாக வைக்கப்படும் சீராக்கின் ஞான நூலில் அதைக் கண்டார். அவருடைய சபையார் அந்நூலை வேதமாக ஏற்பவர் அல்லர். முதலில் கலங்கினார். பின்னர், இச்சொல் திருமறையின் வாக்குறுதிகள் பலவற்றின் சாரமாய் இருத்தலால் இதன் ஆறுதலைக் கொள்ளலாம் எனத் தேறினார். ஒரு சொல்லை ஓராண்டு தேடும் பொறுமையையும், கிடைத்த பின் அதை எடைபோட்டு ஏற்கும் நேர்மையையும் ஒருங்கே இங்குக் காண்கிறோம்.

அடுத்து வந்தது இன்னும் கடுமையான ஐயம். கடவுள் உண்டா? கிறிஸ்து உண்டா? திருமறை மெய்யா, புனைந்துரையா? துருக்கியர்க்கும் தம் மறையை மெய்ப்பிக்க நூல்கள் உண்டே. ஒவ்வொரு மதத்தாரும் தம் மதமே மெய்யென நினைக்கின்றனரே. நம் நம்பிக்கையும் அவ்வாறான நினைப்புத்தானோ? இவ்வினாக்கள் அவரைச் சூழ்ந்து அலைக்கழித்தன. தம்மைப் போன்றோர் உலகில் எவரும் இலர் என எண்ணி வருந்தினார். அப்போது மார்ட்டின் லூத்தர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய விளக்கவுரையின் பழம்பிரதி ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏடு புரட்டினால் உதிர்ந்துவிடும் நிலையில் இருந்த நூல் அது. அதிற் சில பக்கங்கள் படித்ததும் தம் நெஞ்சைப் பார்த்தே எழுதியது போலிருக்கக் கண்டார். பெரியோரும் இவ்வழியே நடந்தனர் என்பது அவருக்குப் பேராறுதல் ஆயிற்று. திருமறைக்கு அடுத்தபடியாக அந்நூலையே தாம் போற்றியதாக எழுதுகிறார்.

விற்றுவிடு என்னும் குரல்

ஆறுதல் நீடிக்கவில்லை. கிறிஸ்துவை விற்றுவிடு, எதற்கேனும் மாற்றிவிடு என்னும் எண்ணம் அவரைப் பற்றியது. ஏறத்தாழ ஓராண்டு இரவும் பகலும் அவ்வெண்ணம் தொடர்ந்தது. உண்ணும் போதும், ஊசி எடுக்கக் குனியும் போதும், விறகு பிளக்கும் போதும், இதற்காக விற்றுவிடு, அதற்காக விற்றுவிடு என அது நச்சரித்தது. ஆயிரம் ஆயிரம் உலகங்களுக்கும் விற்க மாட்டேன் என்று மீண்டும் மீண்டும் மறுத்தார். கைகளாலும் முழங்கைகளாலும் எவரையோ தள்ளுவது போலத் தள்ளி மறுப்பார். ஒரு நாள் காலை படுக்கையில் இருக்கையில், மறுத்து மறுத்துக் களைத்த உள்ளத்தில், அவர் போக விரும்பினால் போகட்டும் என்னும் எண்ணம் ஊடுருவிச் சென்றது. அவ்வளவே. மரத்தின் உச்சியிலிருந்து அடிபட்டு விழும் பறவை போல வீழ்ந்தார்.

அன்று முதல் எபிரேயர் 12ஆம் அதிகாரத்து ஏசாவின் கதை அவர் நெஞ்சில் நின்றது. ஒருவேளை உணவுக்காகத் தன் மூத்த பிள்ளை உரிமையை விற்றவன் ஏசா; பின்னர் கண்ணீரோடு தேடியும் அந்த ஆசியைப் பெறவில்லை. தாமும் அவ்வாறே விற்றுவிட்டதாகவும், தமக்கு இனி மன்னிப்பே இல்லை எனவும் பன்யன் முடிவு செய்தார். தாவீதின் பாவத்தோடும், பேதுருவின் மறுதலிப்போடும், யூதாசின் துரோகத்தோடும் தம் பாவத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொருமுறையும் தமதே பெரிது எனக் கண்டார். இவ்விருள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பன்யனை வீழ்த்தியதும் வேதவசனந்தான்; எழுப்பியதும் வேதவசனந்தான். ஒரு வசனத்தைத் தனியே பிரித்து எடுத்து, அதையே தம் தலைமேல் தீர்ப்பாக எழுதிக் கொண்டவரை அவ்வசனம் கொன்றது. வசனத்தோடு வசனத்தை ஒப்பிட்டு முழுமையாகப் படிக்கத் தொடங்கிய போது அதே மறை அவரை உயிர்ப்பித்தது. பற்றுதல் என்பது கண்ணை மூடிக் கொண்டு பற்றுதல் அன்று.

முதலில் வந்த ஒளி யோவானின் முதல் நிருபத்தில், கிறிஸ்துவின் இரத்தம் எல்லாப் பாவத்தையும் கழுவும் எனக் கூறும் இடம். எல்லா என்னும் சொல்லில் தம் பாவம் விடுபடவில்லை என்பதைக் கண்டார். பின்னர், பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12ஆம் அதிகாரத்தில், இறைவனின் கிருபை போதும் என்னும் வாக்கு அவருக்கு வந்தது. ஆனால் உனக்கு என்னும் சொல் மட்டும் அதனோடு வரவில்லை. கிருபை போதும், ஆனால் எனக்குப் போதுமா எனச் சில வாரங்கள் ஏங்கினார். ஒரு நாள் சபைக் கூட்டத்தில் சோர்ந்து அமர்ந்திருக்கையில் உனக்கு என்னும் சொல்லோடு சேர்ந்து முழு வாக்கும் மும்முறை அவர் நெஞ்சில் விழுந்தது. அந்த ஒரு சொல்லின் எடையை, வாழ்நாள் முழுதும் இது உனக்கு அன்று என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் ஒரு நாள் ஏசாவைப் பற்றிய வசனமும் கிருபையைப் பற்றிய வசனமும் தம் உள்ளத்தில் ஒரே நேரத்தில் சந்திப்பதாக உணர்ந்தார். எது வெல்லும் என நடுங்கிப் பார்த்தார். ஏசாவின் வசனம் மெல்ல மெல்லத் தளர்ந்து மறைய, கிருபையின் வசனம் நிலைத்தது. தம்மிடம் வருபவரைக் கிறிஸ்து புறம்பே தள்ளுவதில்லை எனக் கூறும் யோவான் சுவிசேஷத்து 6ஆம் அதிகார வசனத்தைப் பற்றிக் கொண்டு சாத்தானோடு இழுபறி செய்ததாகவும் எழுதுகிறார். ஒரு முனையை அவன் இழுக்க, மறுமுனையை இவர் விடவில்லை. இறுதியில், இத்தனை ஆண்டுகள் தம்மை அச்சுறுத்திய எபிரேயர் நிருபத்துப் பகுதிகளை நேருக்கு நேர் அமர்ந்து ஆராய்ந்தார். ஆராய ஆராய அவற்றின் முகம் மாறிற்று. ஏசா தெரிந்தே, திட்டமிட்டே விற்றவன். தாமோ போராடிக் களைத்துத் தடுமாறியவர் என்னும் வேறுபாடு விளங்கிற்று. அஞ்சி விலகிய வரை பூதமாய் நின்றது, அருகில் சென்று படித்த போது எழுத்தாயிற்று.

சிறை

பெட்போர்டு சபையில் 1653ஐ ஒட்டிச் சேர்ந்த பன்யன், சில ஆண்டுகளில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1656இல் முதல் நூலை வெளியிட்டார். முதல் மனைவி 1658ஐ ஒட்டி நான்கு குழந்தைகளை விட்டு மறைந்தார். 1659இல் எலிசபெத் என்னும் பெண்ணை மணந்தார். 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் சபைகளின் உரிமை பறிபோயிற்று. அரசு ஏற்காத கூட்டங்களில் பிரசங்கிப்பது குற்றமாயிற்று.

1660 நவம்பர் 12ஆம் நாள் லோவர் சாம்செல் என்னும் சிற்றூரில் பிரசங்கிக்கச் சென்றார். தம்மைப் பிடிக்க ஆணை பிறந்துள்ளது என அறிந்தும் அவர் ஓடவில்லை. தாம் ஓடினால் புதிதாக விசுவாசத்துக்கு வந்த எளியவர்கள் கலங்குவர் என எண்ணினார். கைது செய்தவர்களே அவருக்கு எளிய வழி ஒன்றைக் காட்டினர்: இனிக் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பதில்லை என வாக்களித்தால் வீட்டுக்குச் செல்லலாம். அவர் மறுத்தார். 1661 சனவரியில் கீலிங் என்னும் நீதிபதி தண்டனை விதித்தார்: மூன்று மாதச் சிறை, அதன் பின்னும் இணங்காவிடில் நாடு கடத்தல், அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. நாடு கடத்தவில்லை, தூக்கிலிடவுமில்லை. ஆனால் மூன்று மாதம் 12 ஆண்டுகளாக நீண்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த நாளிலும் அந்த ஒரு வாக்கைக் கொடுத்து அவர் வெளியேறியிருக்கலாம்.

கணவர் கைதான அதிர்ச்சியில் எலிசபெத்தின் கருவிலிருந்த குழந்தை இறந்தது. இளம் பெண், மூத்தாள் பிள்ளைகள் நால்வர், அவருள் ஒருத்தி பார்வையற்றவள், பிழைப்போ அன்பர் தரும் உதவி. அந்நிலையிலும் அவர் லண்டன் வரை சென்று பிரபுக்கள் சபையினரிடம் மனுக் கொடுத்தார். 1661 ஆகஸ்டில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கத்தோடு கேட்டார், மற்றவர்கள் சீறினர். கணவரின் தொழில் என்ன என வினவப்பட்டு, பாத்திரம் அடைப்பவர் என விடை வந்த போது, அவர் அத்தொழிலாளியும் ஏழையுமாய் இருப்பதாலேயே இகழப்படுகிறார், நீதி பெற முடியவில்லை என அப்பெண் நீதிபதிகளின் முகத்துக்கு நேரே கூறினார். நம் தாய்மார்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரித்து எழுதினோம்.

சிறையில் பன்யன் காலணி நாடாக்களுக்கு உலோக முனை பூட்டும் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். திருமறையும், ஜான் பாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகள் வரலாறும் உடன் இருந்தன. பழைய சோதனைக் குரல் இப்போது வேறு உருவில் வந்தது. மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போலிருந்தது என எழுதுகிறார். பார்வையற்ற மேரியின் நினைவே அவரை மிகுதியும் வாட்டியது. அவள் பசியும் குளிரும் படுவாளே, பிச்சை எடுப்பாளே, அடி படுவாளே. காற்று அவள்மேல் வீசுவதையும் பொறாத தாமே அவளை இந்நிலைக்கு ஆளாக்குகிறோமே எனத் துடித்தார். இங்கு விற்கச் சொன்னது பேராசை அன்று, அன்பே. சோதனைகளிலெல்லாம் கொடிது இதுவே. தகப்பனற்ற பிள்ளைகளைத் தம்மிடம் விட்டுவிடுமாறு எரேமியாவின் 49ஆம் அதிகாரத்தில் இறைவன் கூறும் வாக்கைப் பற்றிக் கொண்டு அதைக் கடந்தார்.

தூக்கு மேடை பற்றிய அச்சமும் வந்தது. ஏணியில் ஏறுகையில் கால் நடுங்கி முகம் வெளிறினால் பகைவர் நகைப்பரே. அந்நேரத்தில் கடவுள் ஆறுதல் தராவிடில் என் செய்வது என அஞ்சினார். யோபு வீணாகவா கடவுளுக்கு அஞ்சுகிறான் எனச் சாத்தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஆதாயம் கிடைத்தால்தான் பக்தி என்றால் அது பக்தியா? ஆறுதல் வரினும் வராவிடினும், மோட்சம் கிடைப்பினும் கிடையாவிடினும், ஏணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நித்தியத்துக்குள் குதிப்பேன் என உறுதி கொண்டார். அவ்வுறுதி பிறந்ததும் ஆறுதலும் நிறைந்தது. 1666இல் இச்சோதனைகளையெல்லாம் தம் வரலாறாக எழுதி வெளியிட்டார்.

விடுதலையும் நூலும்

1672இல் அரசர் வெளியிட்ட சமயச் சலுகை அறிவிப்பின் பயனாக விடுதலை பெற்றார். அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே சபையார் அவரைத் தம் போதகராகத் தேர்ந்திருந்தனர். ஒரு களஞ்சியக் கொட்டகையை வாங்கிக் கோவிலாக்கினர். 1676-77இல் மீண்டும் ஏறத்தாழ ஆறு மாதம் சிறை. 1678இல் மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகமும் 1684இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. முதற்பாகத்தில் பயணியும் தோழனும் வழி தவறி, ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுவர். பல நாள் அடியுண்டு, தற்கொலைக்கும் தூண்டப்பட்ட பின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பயணி நினைவுகூர்வான். அதனால் கதவுகள் திறக்கும். இது கற்பனை அன்று. பன்யன் கடந்த வழியே ஆகும்.

புகழ் வந்த பின்னும் அவர் மாறவில்லை. 1685 டிசம்பரில், மீண்டும் சிறை வரலாம் என அஞ்சித் தம் உடைமைகளை மனைவி பெயருக்கு எழுதி வைத்த பத்திரத்தில், நூலாசிரியர் எனவோ போதகர் எனவோ குறிக்காமல், பித்தளை வேலைத் தொழிலாளி என்றே தம்மைக் குறித்தார். 1688 ஆகஸ்டில், பிணங்கிய தந்தையையும் மகனையும் இணக்குவதற்காக ரெடிங் நகர் சென்று, மழையில் நனைந்து குதிரை மேல் லண்டன் வந்தார். காய்ச்சல் கண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மறைந்தார். பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். விட்டுச் சென்ற சொத்து ஏறத்தாழ 43 பவுன். எழுதிய நூல்கள் ஏறத்தாழ 60. அவரைச் சிறையில் வைத்த பெட்போர்டு நகரிலேயே 1874இல் அவருக்குச் சிலை எழுந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

நம் கழக உறுப்பினருள் பல சமயத்தினர் உளர். எவரையும் ஒரு சமயத்துக்கு அழைப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. கிறித்தவ இளைஞர்க்குச் சிறப்பாகவும் மற்றவர்க்குப் பொதுவாகவும் சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

விற்றுவிடு என்னும் குரல் நம்மில் பலர்க்கு அலுவலக மேசையின் எதிரில் கேட்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது, 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவர்க்கு விரியவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி என்னும் கட்டங்களை நிரப்புகையில், ஞாயிறன்று கோவிலில் ஒரு பெயரும் திங்களன்று பள்ளியில் ஒரு பெயரும் உடைய பிள்ளையோடு தலைகுனிந்து நிற்கும் தந்தையரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களை நாம் பழிக்க மாட்டோம். மேரியின் பசியை நினைத்துப் பன்யனே துடித்தார் அல்லவா? சேரியில் பிறந்ததால் வந்த இழிவு கோவிலுக்குச் சென்றதால் போய்விடவில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே இரண்டு செயல்கள் வேண்டும். பன்யனைப் போல் பற்றியதை விடாதிருத்தல்; எலிசபெத்தைப் போல் மனுவோடு நீதியின் வாயிலை ஓயாது தட்டுதல். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

அடுத்து, ஒரு வரியைத் தம் தலைமேல் தீர்ப்பாக எழுதிக் கொள்ளும் பழக்கத்தை இளைஞர் விட வேண்டும். ஒரு தேர்வில் தவறியதும் படிப்பு நமக்கு ஆகாது என்று முடிவு செய்து பள்ளியை விட்டு நின்ற மாணவரை நாம் பலமுறை கண்டுள்ளோம். அவரைத் தேடிச் சென்று, மதிப்பெண் பட்டியலை மறுபடி விரித்து, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது எனக் காட்டிய போது, சிலர் திரும்பி வந்தனர். அஞ்சிய பக்கத்தை அருகில் வைத்துப் படித்தலே மருந்து. ஐயம் வருதல் பாவமன்று. ஐயத்தோடு நூலை மூடி வைத்தலே கேடு.

இளைஞர்களே! பன்யனிடம் இருந்தது பரம்பரைச் செல்வம் அன்று, பட்டமும் அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த அறிவும், ஒரு நூலும், அந்நூலில் உனக்கு என்னும் சொல் தமக்கே உரியது என்ற உறுதியுமே. நம் கழகம் இந்த 25 ஆண்டுகளாகச் செய்து வந்ததும் அதுவே: ஏடுகளை உங்கள் கையில் தந்து, இது உங்களுக்கு என்று சொல்லி வந்தது. நாளை விலை பேசுவோர் பலர் வருவர். விற்காமல் நில்லுங்கள்.